விடியலுக்கு அடியில் கோல்பிட்ஸ்

கடை வாசலில் சைக்கிள்களைச் சாய்த்து வைக்கும் கம்பியருகே குனிந்து, அன்னலோரே ஒரு வண்டியின் சாய்ந்த குழாயில் கட்டைவிரல் நகத்தை ஓட்டுகிறாள். பெயர் எழுதியிருக்கும் இடத்தில் நகம் ஒரு சிறு மேட்டில் தடுக்குகிறது.

"தோலு," என்கிறாள். "வெறும் தோலு. உரிச்சா கையோட வந்துடும்."

அடுத்த வண்டிக்குப் போகிறாள். அங்கும் தோல்தான். பையும் கையுமாகக் கடையிலிருந்து வெளியே வந்த பெண் பதறிப்போய், "என்னம்மா பண்றீங்க என் வண்டியை?" என்கிறாள்.

"பயப்படாதே, திருட வரலே. இதைத் திருடினேன்னு ஊர்ல தெரிஞ்சா எனக்குத்தான் அவமானம்."

அந்தப் பெண் வண்டியை இழுத்துக்கொண்டு போய்விடுகிறாள். வண்டியின் குழாயில் கோல்பிட்ஸ் என்று பளபளவென்று எழுதியிருக்கிறது. கடலுக்கு அப்பால் எங்கோ செய்து, கப்பலில் ஏற்றி, முட்டைக்கும் சோப்புக்கும் பக்கத்தில் வைத்து விற்கிற வண்டி. அந்த எழுத்தை, நாங்கள் ஃபாக்டரியில் வேலை பார்த்த காலத்தில், வார்னிஷுக்கு அடியில் வைத்தோம். நகத்துக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் ஃபோர்மேன் திருப்பி அனுப்பிவிடுவார்.

அன்னலோரே என் அண்ணன் ஈவால்டின் மனைவி. அண்ணன் போய்ச் சேர்ந்துவிட்டான். அண்ணி இருக்கிறாள், அதே மூன்றாவது மாடி வீட்டில். உயரமான உடம்பு, இப்போது கூன் விழுந்து என் உயரத்துக்கு வந்துவிட்டாள். தலைமுடியைச் சமையலறைக் கத்தரிக்கோலால் தானே வெட்டிக்கொள்வாள். கண்ணாடி பார்க்காமல் வெட்டுவதால் ஒரு பக்கம் எப்போதும் தூக்கி நிற்கும். முடி திருத்தும் கடையில் கால் வைத்து எத்தனையோ காலமாகிறது. அந்தக் கடையைத் தாண்டிப் போகும்போது கண்ணாடிக் கதவைப் பார்த்து, "நாசமாப் போ," என்று ஒரு தடவை சொல்லிவிட்டுத்தான் போவாள். கடை கைமாறி, புதிதாக வந்தவர்களுக்கு இதன் காரணம் தெரியாது. வயதான கிழவி, மூளை கலங்கிவிட்டது என்று நினைக்கிறார்கள்.

அவளுக்கு வாசனை தெரியாது. பால் அடிப்பிடித்துத் தீய்ந்து புகை வரும்வரை அடுப்பெதிரிலேயே நின்றுகொண்டிருப்பாள். கீழ் வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் தன் வீட்டுக் கூரையை இடிப்பார். "சரி சரி, தெரிஞ்சு போச்சு," என்று தரையைப் பார்த்துப் பதில் சொல்லிவிட்டு அடுப்பை அணைப்பாள். விரல் நுனிகள் வழுவழுவென்று கூழாங்கல் போல இருக்கும். புதுக் கடவுச்சீட்டுக்காக நகராட்சி அலுவலகத்தில் ரேகை எடுத்தபோது அந்தக் கருவி அவள் விரலை ஏற்கவே இல்லை. அங்கிருந்த பெண் இன்னும் அழுத்துங்கள், இன்னும் அழுத்துங்கள் என்றாள்.

"அழுத்தினா வராது கண்ணு. என் ரேகையெல்லாம் பழைய ஃபாக்டரி அமிலத் தொட்டியில கெடக்கு. வேணும்னா போய் வடிகட்டி எடுத்துக்கோ."

ஊரில் அவளுக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: விசுவாசி. ரொட்டிக் கடையில், பேருந்து நிறுத்தத்தில், "என்ன விசுவாசி, சௌக்கியமா?" என்பார்கள். கேட்பவர் வாய் ஓரத்தில் ஒரு கோணல் இருக்கும். அவளும் "விசுவாசத்துக்கு என்ன குறை" என்று சொல்லிவிட்டு நடப்பாள். ஆனால் சீக்மார் எதிரே வந்தால் மட்டும் தெருவின் மறுபக்கம் போய்விடுவாள். சீக்மார் எங்களுக்குச் சொந்தமாகியிருக்க வேண்டியவன். அவன் அம்மாவும் என் பெரியம்மாவும் சம்பந்திகள் ஆக இருந்து, சீர்ப் பாத்திரம் பற்றிய சண்டையில் அது நின்றுபோனது. அண்ணனின் அடக்கத்துக்கு அவன் வந்து கை நீட்டினான். அண்ணி இரண்டு கைகளையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனான்.

இதற்கெல்லாம் காரணம் கோல்பிட்ஸ் என்ற அந்தப் பெயர்தான்.

முதல் கோல்பிட்ஸ் தையல் இயந்திரங்களுக்குக் கால்மிதி வார்த்தவர். என் தாத்தாவின் தங்கை அவர் வீட்டில் சமையல் செய்தாள். மனிதர் முட்டைக்கோசைத் தவிர வேறு எதையும் குறை சொல்லமாட்டாராம். அவர் மகன் சைக்கிள் செய்தார். பேரன் அந்தச் சைக்கிளின் வயிற்றில் ஒரு சின்ன எஞ்சினைத் தொங்கவிட்டுச் சிறு மோட்டார் சைக்கிள் ஆக்கினார். ஹாலந்து, டென்மார்க் வரை போயிற்று. போர் வந்ததும் குண்டுகளுக்குத் திரி செய்தார்கள். முள்வேலிக்குள் அடைத்து வைத்த வெளிநாட்டுக்காரர்களைக் கொண்டு செய்தார்கள். பிற்பாடு வந்த எந்த விழாவிலும் யாரும் அவர்களைப் பற்றி வாய் திறந்ததில்லை.

போர் முடிந்து ரஷ்யர்கள் வந்ததும் கோல்பிட்ஸ் குடும்பம் வரைபடங்களையும் நல்ல கருவிகளையும் ஏற்றிக்கொண்டு மேற்கு ஜெர்மனிக்கு, பவேரியாப் பக்கம் போய்விட்டது. கைதேர்ந்த ஆட்கள் சிலரும் கூடவே போனார்கள். அவர்களில் என் சித்தப்பா ஒருவர். இங்கே கிழக்கில் கட்டடத்தோடு நாங்களும் அரசாங்கம் நடத்தும் ‘மக்கள் சொத்து’ ஆனோம். அவர்கள் அங்கே கோல்பிட்ஸ் செய்தார்கள், நாங்கள் இங்கே கோல்பிட்ஸ் செய்தோம். சித்தப்பா ஒரு தடவை அனுப்பிய புகைப்படத்தில் அவர் சாய்ந்து நின்ற வண்டிக்கும் எங்கள் முற்றத்தில் நின்ற வண்டிக்கும் ஒரு திருகாணி வித்தியாசம்கூட இல்லை.

பிறகு வழக்கு வந்தது. பெயர் குடும்பத்துக்குத்தான் சொந்தம் என்று மேற்கில் தீர்ப்பானது. ஹாலந்துத் துறைமுகத்தில் எங்கள் பெட்டிகளைப் பிடித்து வைத்தார்கள். வெளிநாட்டுப் பணம் வேண்டும் என்றால் பெயரை விட்டுத்தான் ஆக வேண்டும். கூட்டம் போட்டு, கை தூக்கி, புதுப் பெயர் வைத்தார்கள்: விடியல்.

அன்னலோரே அப்போது எழுத்து ஒட்டும் பிரிவில் இருந்தாள். இன்னும் என் அண்ணி ஆகவில்லை. தாளில் அச்சடித்த எழுத்தை வெந்நீரில் ஊறவைத்து, மெல்ல நழுவவிட்டு, பெட்ரோல் டேங்கில் படியவைத்து, நுரைப்பஞ்சால் ஒற்றி எடுக்க வேண்டும். காய்ந்ததும் மேலே வார்னிஷ். அவள் கை பட்டால் ஒரு குமிழி இருக்காது. ஏற்கெனவே கோல்பிட்ஸ் என்று ஒட்டி வைத்திருந்த டேங்குகள் கிடங்கில் நிறைய இருந்தன. அவற்றை வண்ணம் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்து, சுரண்டி, சுத்தமாக்கி, பிறகுதான் விடியலை ஒட்ட வேண்டும். வெளிநாட்டு வியாபாரிகள் கூடும் லைப்சிக் சந்தைக்குப் போகவேண்டிய வண்டிகளின் டேங்குகளும் அதில் இருந்தன. வெள்ளிக்கிழமை முடித்தாக வேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை அவளுக்கு முடி சுருட்டும் கடையில் முறை கிடைத்திருந்தது. மறுநாள் நடனம். என் அண்ணன் வருவதாகச் சொல்லியிருந்தான். அந்தக் கடையில் முறை கிடைக்க ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். தின்னரால் துடைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தால் கடை மூடிவிடும், தலையெல்லாம் தின்னர் நாற்றமும் அடிக்கும். அவள் கோல்பிட்ஸ் மேலேயே ஒரு கை வண்ணத்தை அடித்து, அதன் மேல் விடியலை ஒட்டி, வார்னிஷ் பூசி, கைகழுவிவிட்டுப் போய்விட்டாள். மறுநாள் சுருள் சுருளாகத் தலையை வைத்துக்கொண்டு நடனத்துக்கு வந்தாள். என் அண்ணன் அந்தத் தலையைப் பார்த்து விழுந்தவன்தான்.

சந்தையில் விளக்குச் சூட்டில் டேங்குகள் வெந்தன. அடியிலிருந்த பழைய எழுத்து வண்ணத்தில் ஊறி உப்ப ஆரம்பித்தது. இரண்டாம் நாள் விடியல் என்ற சொல்லுக்குள்ளிருந்து கோல்பிட்ஸ் என்று தடித்துக்கொண்டு எழுந்தது. கண் தெரியாதவன்கூடத் தடவிப் படிக்கலாம். வெளிநாட்டுக்காரர்கள் கூட்டமாக நின்று சிரித்தார்கள். மேற்கிலிருந்து வந்த பத்திரிகைக்காரன் படம் எடுத்துப் போட்டுவிட்டான்.

சீக்மார்தான் அப்போது எங்கள் ஃபோர்மேன். வயதில் சின்னவன், பதவியில் பெரியவன். அவளைக் கூப்பிட்டு நிறுத்தினான். நான் பக்கத்து அறையில் பெட்டிகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தேன்; நடுவில் இருந்தது பலகைச் சுவர்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லலை. முடி சுருட்டப் போகணும்னு அவசரமா ஒட்டிட்டேன்."

"விளையாடறியா?"

"என் தலையைப் பாருங்க. இதுக்குத்தான்."

கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "முடிக்காகன்னு நான் மேலே சொன்னேன்னா, ஃபோர்மேன் எங்கே போயிருந்தான்னு கேப்பாங்க அன்னலோரே," என்றான். சோம்பல் என்றால் கவனிக்காதவன் மேல் குற்றம். எதிரியின் சதி என்றால் எதிரி மேல் குற்றம். அவன் எதிரி என்றே சொன்னான். கோல்பிட்ஸ் குடும்பத்துக்கு விசுவாசமாக வேண்டுமென்றே செய்தாள் என்று ஆயிற்று.

சிறையில் போடவில்லை, அந்த மட்டும் நல்லது என்றார்கள். அமிலத் தொட்டிகளுக்கு அனுப்பினார்கள். முலாம் பூசுவதற்கு முன் கைப்பிடிகளையும் விளக்குக் கூடுகளையும் அமிலத்தில் முக்கி எடுக்கும் இடம். ஆண்களே ஒரு வருடத்துக்கு மேல் நிற்கமாட்டார்கள். அவள் அங்கேயே இருந்தாள். அண்ணன் அவளைக் கட்டிக்கொண்டான். சுருட்டிய முடி முதல் குளிர்காலத்திலேயே கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. பிறகு மூக்கு போயிற்று. இரண்டு கரு தங்கவில்லை. அந்தப் புகையால்தான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. புகையால் இல்லை என்றும் சொல்லவில்லை. ரொம்பப் பிந்தித்தான் ரமோனா பிறந்தாள். வீட்டில் அந்தச் சங்கதியைப் பேசக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட்டான். சுவருக்குக் காது இருந்த காலம். அம்மா ஏன் தொட்டிக்குப் போனாள் என்று தெரியாமலே ரமோனா வளர்ந்தாள். வளர்ந்து அவளும் அதே ஃபாக்டரியில் சக்கரத்துக்குக் கம்பி கோக்கப் போனாள்.

கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில் அடைத்து வைத்திருந்த எல்லை திறந்தபோது அந்தப் பக்கத்துக் கோல்பிட்ஸ் ஃபாக்டரி எப்போதோ செத்திருந்தது. அங்கே ஜனங்கள் கார் வாங்கத் தொடங்கியதும் சிறு மோட்டார் சைக்கிளைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை. பெயர் மட்டும் குடும்பத்தின் கையில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு கோல்பிட்ஸ் வீட்டு இளையவர் எங்கள் ஊருக்கு வந்தார். பழைய கட்டடத்தை வாங்கப்போகிறேன், ஆட்களை வைத்துக்கொள்ளப்போகிறேன் என்றார். வந்ததும் விசாரித்தது அண்ணியைத்தான்.

பூங்கொத்தும் காப்பிப்பொடியுமாக மூன்றாவது மாடி ஏறி வந்தார். "எங்க தாத்தா சாகற வரைக்கும் அந்தப் பத்திரிகைப் படத்தைத் தலைமாட்டிலயே வச்சிருந்தார். நம்ம ஊர்ல இன்னும் ஒரு ஆத்மா நமக்காக இருக்குன்னு சொல்லுவார். அது நீங்கதான்."

அண்ணி பூவை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு மேசையில் போட்டாள். "ஐயா, நான் முடி சுருட்டப் போனேன்."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "இந்த அடக்கம்தான் பெரிய மனசுங்கறது." சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "திறப்பு விழாவில நீங்க ரெண்டு வார்த்தை சொல்லணும். பத்திரிகை வரும், அதிகாரிங்க வருவாங்க. ஆமா, உங்க மக சக்கரப் பிரிவிலதானே? யாரை வச்சுக்கறது, யாரை அனுப்பறதுன்னு இனிமேதான் முடிவு பண்ணணும்," என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

அவர் போனதும் அண்ணி என்னைப் பார்த்தாள். "கேட்டியாடி? ஒரு பொய்க்கு ஒரு வேலை. அன்னிக்கு நிஜத்தைச் சொல்லி என்ன கிடைச்சுது எனக்கு?"

விழாவில் ஒலிபெருக்கி முன்னால் நின்றாள். நாங்கள் தொட்டிக்காரர்கள், பெட்டிக்காரர்கள், சக்கரக்காரர்கள் எல்லோரும் உட்கார்ந்திருந்தோம். "அந்தப் பேரை அழிக்க எனக்கு மனசு வரலே," என்றாள். அவ்வளவுதான். கைதட்டல் ஓயவே இல்லை. இளையவர் அவள் கையை முத்தமிட்டார். ரமோனா என் பக்கத்தில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழுதாள். "அத்தை, இதுக்காகவா அம்மா அந்த நரகத்துல நின்னாங்க? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!" கைக்குட்டையைக் கொடுத்தேன்.

அந்தப் பேச்சு எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தது. ஊரே காத்திருந்த நல்ல முதலாளி என்று எழுதினார்கள். கட்டடம் அவருக்குச் சும்மா கொடுத்த மாதிரி போயிற்று. அடுத்த வருடம் முடிவதற்குள் இயந்திரங்களை விற்றார், கதவைப் பூட்டினார், பெயரை ஒரு மொத்த வியாபாரிக்கு விற்றார். எல்லோருடைய வேலையும் போயிற்று. ரமோனாவின் வேலையும்தான்.

அன்றிலிருந்துதான் ஊர் அவளை விசுவாசி என்கிறது. "நீ அழ வச்சதாலதானே நாங்க கைதட்டினோம்?" என்று தொட்டிப் பிரிவில் அவளோடு நின்றவளே முகத்துக்கு நேரே கேட்டாள். அண்ணி மறுக்கவில்லை. யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

ரமோனா பவேரியாவில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டும் வேலைக்குப் போனாள். கிழக்கிலிருந்து வந்தவள் என்று அங்கே கிண்டல் செய்வார்களாம், வேலை செய்யத் தெரியாத கூட்டம் என்பார்களாம். அப்போதெல்லாம் இவள் அந்தப் பழைய பத்திரிகைப் படத்தைக் காட்டுவாள். அதைச் சட்டம் போட்டு வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறாள். "எங்க அம்மா தனியா நின்னு ஒரு அரசாங்கத்தையே எதிர்த்தவங்க. உங்கள்ல யாரு அப்படி இருந்தீங்க?" என்று கேட்பாளாம்.

"நிஜத்தைச் சொல்லிடேன் அண்ணி," என்று ஒரு தடவை சொன்னேன். "உனக்கு ஊர் பேச்சாவது குறையும்."

"சொல்லி? அவகிட்ட போய், உனக்காகத்தான் பொய் சொன்னேன், அந்த வேலையும் நிக்கலேன்னு சொல்லவா? அவளுக்கு என்கிட்டேருந்து வேற என்ன கிடைச்சுது? வீடா, நிலமா? இந்த ஒரு கதைதான். கெடந்துட்டுப் போகட்டும்."

இந்த இலையுதிர் காலத்தில் எங்கள் பழைய மோட்டார் சைக்கிள்களை இன்னும் வைத்திருப்பவர்களின் சங்கம் ஃபாக்டரியின் ஆண்டு விழா வைத்தது. தொழிலாளர் சாப்பாட்டுக் கூடம் இப்போது கம்பளக் கடை. சுருட்டிய கம்பளங்களைச் சுவரோரம் தள்ளிவிட்டு மேசை போட்டிருந்தார்கள். வெளியே கிழவர்கள் மோட்டார் சைக்கிள்களை உதைத்துப் புகை விட்டுக்கொண்டிருந்தார்கள். ரமோனா இதற்காகவே ரயிலேறி வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். நாங்கள் போனபோது காலியாக இருந்த இடம் சீக்மாருக்கு எதிரே மட்டும்தான். அண்ணி திரும்பி வாசலைப் பார்த்தாள். "உக்காரும்மா, கால் வலிக்கும்," என்று ரமோனா நாற்காலியை இழுத்தாள்.

காப்பி வந்தது. ஆளுக்கு ஒரு துண்டு பிளம்ஸ் கேக் வந்தது. சங்கத் தலைவர் எழுந்து, "நம்ம அன்னலோரே அம்மா ரெண்டு வார்த்தை," என்று ஆரம்பித்ததும் பின்மேசையில் யாரோ, "விசுவாசி, விசுவாசி," என்று கரண்டியால் கோப்பையைத் தட்டினார்கள். சிரிப்பு.

ரமோனா எழுந்துவிட்டாள். "எதுக்குச் சிரிக்கறீங்க? எங்க அம்மா செஞ்சதை உங்கள்ல ஒருத்தர் செஞ்சிருப்பீங்களா?" பிறகு எதிரே திரும்பினாள். "சீக்மார் ஐயா, நீங்கதானே அன்னிக்கு ஃபோர்மேன்? நீங்கதானே எங்க அம்மாவைத் தொட்டிக்கு அனுப்பினீங்க? வெக்கமா இல்லே, இங்க வந்து கேக் தின்ன?"

சீக்மார் தன் கேக்கைத் தின்று முடித்திருந்தான். தட்டில் துகள்தான் இருந்தது. வாயைத் துடைத்துக்கொண்டான்.

"இத பாரு பொண்ணே. எல்லாப் பாவத்தையும் என் தலையிலயே எத்தனை நாளைக்குக் கட்டுவீங்க? உங்க அம்மா அன்னிக்கு எங்கிட்ட என்ன சொன்னாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"என்ன சொன்னாங்க?"

"கேளு. பக்கத்துலதானே உக்காந்திருக்காங்க. எதுக்காகச் செஞ்சாங்கன்னு கேளு. அவங்க சொல்லலேன்னா நான் சொல்றேன்."

"சொல்லுங்க. எல்லாரும் கேக்கட்டும்," என்றாள் ரமோனா, தலையை நிமிர்த்திக்கொண்டு.

சீக்மார் மூச்சை இழுத்தான். அண்ணி இத்தனை வருடங்களில் முதல் தடவையாக அவன் முகத்தை நேராகப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தாள். பிறகு தன் தட்டிலிருந்த, இன்னும் கரண்டி படாத கேக் துண்டை இரண்டு கைகளாலும் எடுத்து, உடையாமல் மேசைக்குக் குறுக்கே நீட்டி, அவன் தட்டில் வைத்தாள்.